மெட்டல் டிடெக்டர் வாங்கி நொய்யல் கரையில் பழங்காசு தேடலாமா?

கேள்வி கேட்டவருக்குப் பெருந்துறைப் பக்கமாம். இங்கிலாந்தில் வயலுக்குள் ரோமானியக் காசு எடுக்கிற வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். நம்ம பக்கமும் ரோமானியக் காசு கிடைத்த மண்தானே, ஒரு மிஷின் வாங்கிப் பொழுதுபோக்காகத் தேடினால் தப்பா என்று கேட்கிறார்.

நான் வாங்கினவன். அதனால் அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன்.

அதே மாதிரி வீடியோக்களைப் பார்த்துத்தான் எனக்கும் கிறுக்குப் பிடித்தது. ஆன்லைனில் ஒரு நடுத்தர மிஷின் வாங்கினேன். எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில். முதல் ஒரு மாதம் எங்கள் தோட்டத்திலேயே ஆட்டிக்கொண்டு திரிந்தேன். கிடைத்தது: சோடா மூடி, மாட்டு லாடம், உடைந்த ஏர்க்கொழு, சிகரெட் டப்பி அலுமினியத் தாள், போர் போட்டவன் விட்டுப்போன கம்பித் துண்டு. நொய்யல் ஓரம் போனால் இன்னும் மோசம். திருப்பூர் கட்டிங் வேஸ்ட் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது, பத்தடிக்கு ஒரு ஜிப் முனையோ பேன்ட் பட்டனோ கத்தும். காசு என்று கையில் வந்தது இரண்டே இரண்டு. ஒன்று 1835 என்று போட்ட கம்பெனி காலணா. இன்னொன்று ஓட்டைக் காலணா. அதைப் பார்த்து எங்கள் அப்பச்சி, "இதுக்கா கண்ணு இத்தன குழி?" என்றார்.

மிஷின் வேலை செய்யும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வட்டத் தட்டில் இருக்கிற செம்புச் சுருள் மண்ணுக்குள் மாறி மாறிக் காந்தப்புலத்தை அனுப்பும். உள்ளே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது திருப்பி ஒரு புலத்தை அனுப்பும். அதைப் பிடித்துத்தான் சத்தம். மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைப் பொறுத்துத் திரையில் எண் வரும். வெள்ளிக்காசுக்குப் பெரிய எண், இரும்புக்குச் சின்ன எண். சின்னத் தங்க நகையும் சிகரெட் டப்பி அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும், அதுதான் சங்கடம். ஒற்றைக் காசை முக்கால் அடிக்குக் கீழே பிடிப்பது என் மிஷினுக்குக் கஷ்டம். எங்கள் செம்மண்ணில் இரும்புச்சத்து வேறு, சும்மாவே முனகிக்கொண்டிருக்கும்.

இனி நான் செய்த தப்பு. மாமா ஒருவருக்கு நொய்யலுக்குத் தெற்கே காடு இருக்கிறது. கொடுமணல் அங்கிருந்து தூரமில்லை. பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிற ஊர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டி இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறை, தமிழ் எழுத்து கீறின பானை ஓடு எல்லாம் எடுத்தார்கள். மாமா காட்டு ஓரத்தில் மிஷின் எண் ஒரு நிலையில் நிற்காமல் குதித்தது. ஆசை யாரை விட்டது? கொத்தை எடுத்துப் போட்டேன். அடியில் இரும்புக் கிட்டம், அதாவது இரும்பு உருக்கின கழிவு, கட்டி கட்டியாக. கூடவே உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாக ஒரு பானை. பானை என்று தெரிந்தது கொத்து விழுந்த பிறகுதான்.

ஓடுகளையும் கிட்டத்தையும் ஒரே சாக்குப் பையில் அள்ளிக்கொண்டு, கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் போனேன். பாராட்டுவார் என்று நினைப்பு. அவர் ஓட்டைத் தொடவே இல்லை. "எவ்வளவு ஆழத்துல இருந்துச்சுங்க தம்பி? கிட்டம் பானைக்குள்ளயா, வெளியவா? பக்கத்துல சாம்பல் இருந்துச்சா?" என்று கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "அப்ப இது வெறும் ஓடுதானுங்க" என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கரூரைப் பார்த்தால் புரியும். அமராவதி ஆற்று மணலில் 'மாக்கோதை', 'கொல்லிப்பொறை' என்று பேர் பொறித்த சேரர் காசுகள் கிடைத்தன. வரலாற்றுக்கே பெரிய வரவு. ஆனால் ஆற்று மணலில், கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு என்கிற மண் அடுக்கு ஏது? எந்தக் காசு முந்தி, எது பிந்தி என்று எழுத்தின் வடிவத்தை வைத்தே வாதாட வேண்டியிருக்கிறது. அதே காசு ஓர் அகழ்வுக்குழியில், இன்ன ஆழத்தில், இன்ன பானையோடு வந்திருந்தால் பாதி வாதம் தேவைப்பட்டிருக்காது.

ரோமானியக் காசு கிடைக்குமா என்றால், கிடைத்திருக்கிறது. கோவையை ஒட்டின வெள்ளலூரில் 1842-ல் 522, மறுபடி 1891-ல் 547 வெள்ளிக்காசுகள். நொய்யல் பக்கம் கத்தாங்கண்ணியில் 233. பெரும்பாலும் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. இவற்றில் எதையும் பொழுதுபோக்குக்காரன் தேடி எடுக்கவில்லை. அவை குவியலாகப் புதைத்து வைத்தவை. தட்டை ஆட்டிக்கொண்டு நடக்கிறவனுக்கு அப்படி ஒரு குவியல் மாட்டுவதை நம்பி மிஷின் வாங்குவது, லாட்டரியை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்கிற மாதிரி.

இங்கிலாந்துக் கதை வேறு. அங்கே நிலத்துக்காரர் சம்மதம் இருந்தால் தேடலாம், பாதுகாக்கப்பட்ட இடங்களில் மட்டும் கூடாது. 1996-ல் வந்த புதையல் சட்டப்படி, புதையல் வகைப் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சந்தை விலையை ஒட்டி வெகுமதி உண்டு. அதற்கு முன்பே, 1992-ல் ஹாக்ஸன் என்ற ஊரில் ஒரு விவசாயி சுத்தியலைத் தொலைத்துவிட்டு நண்பரைத் தேடச் சொன்னார். மிஷினோடு போனவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 15,000 ரோமானியக் காசுகள் கொண்ட குவியல். அந்த மனிதர் முழுவதையும் அள்ளவில்லை. கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்தித் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தை இருந்தது இருந்தபடி எடுத்தார்கள். 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி, விவசாயிக்கும் பங்கு கொடுத்தார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.

நம் ஊரில் இன்னும் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம்தான். மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால், என்ன பொருள், எந்த இடம், எந்தத் தேதி என்று கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அரசு எடுத்துக்கொண்டால் கிடைப்பது உலோகத்தின் விலை, கூட அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு ரோமானிய வெள்ளிக்காசு நாலு கிராமுக்குள் இருக்கும். நாலு கிராம் வெள்ளிக்கு என்ன விலை என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இந்தக் கணக்கு நியாயமாக இருந்தால் பாதிக் காசு உருக்குக் கடைக்குப் போயிருக்காது என்பது என் எண்ணம். அதற்காக மறைக்கச் சொல்லவில்லை. மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி. கல்வட்டம், முதுமக்கள் தாழி, பானை ஓடு குவிந்த மேடு தெரிகிற காடு என்றால் பலகை இல்லாவிட்டாலும் மிஷினை வண்டியிலிருந்து இறக்காதீர்கள்.

இன்னொரு தொந்தரவையும் யாரும் சொல்ல மாட்டார்கள். மிஷின் இருப்பது ஊருக்குத் தெரிந்தால் போதும், ஆள் வர ஆரம்பிப்பார்கள். "எங்க காட்டுல செம்புக் குடம் இருக்குதுன்னு சாமியாடி சொன்னாருங்க" என்று ஒருவர். இரிடியம், அரிசி இழுக்கும் காசு என்று மோசடி வியாபாரத்தைக் காதோடு பேசுகிற இன்னொருவர். அந்த இரண்டாவது ஆள் வந்தால் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்புங்கள்.

வாங்கத்தான் போகிறேன் என்றால், சொந்தக் காட்டில், உழுது புரண்ட மேல்மண்ணில், தொலைந்ததைத் தேட வாங்குங்கள். பழைய ஓடோ காசோ தலைகாட்டினால் கையை எடுத்துவிட்டு, போட்டோ, ஆழம், இடம் குறித்துக்கொண்டு தகவல் சொல்லுங்கள். என் மிஷின் கடைசியாக வேலை செய்தது போன தை மாதம். பக்கத்துத் தோட்டத்து அத்தை கடலைக்காய் பிடுங்கும்போது கம்மலைத் தொலைத்துவிட்டார். பத்துப் பதினைந்து அலுமினியத் தாள் எடுத்த பிறகு கம்மல் வந்தது, கூலி ஒரு மூட்டை கடலைக்காய். திருகாணி மட்டும் கிடைக்கவில்லை. இப்போதும் வேலியோரம் பார்த்தால், "அந்த மிசினக் கொண்டுட்டு ஒருக்கா வந்துட்டுப் போ கண்ணு" என்கிறார்.