வாசகர் கேள்வி: தரங்கம்பாடியில் இரண்டு கோயில் எதற்கு?

கேள்வி: தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போனோம். ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில், சீயோன் கோயில், புதிய எருசலேம் கோயில் என்று இரண்டு பழைய சர்ச்சுகள். இரண்டுமே புராட்டஸ்டண்ட். அத்தனை சின்ன ஊருக்கு ஒன்று போதாதா?
– திண்டுக்கல் வாசகி

பதில்: யார் உள்ளே உட்காருவது என்பதுதான் விஷயம், அம்மா. சீயோன் கோயில் 1701இல், அப்போது ஊரைக் கையில் வைத்திருந்த டேனிஷ் (டென்மார்க்) வியாபாரக் கம்பெனிக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. உள்ளூர்க்காரர்களைக் கிறிஸ்தவராக்கும் ஆசை அவர்களுக்கு இல்லை. வியாபாரம் கெட்டுவிடுமே!

1706 ஜூலையில் சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மன் மிஷனரிகள் வந்து இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். அரசர் அனுப்பிய சீகன்பால்கைக் கம்பெனியின் தலைமை அதிகாரி ஹாசியஸ் என்ன செய்தார் தெரியுமா? 1708இல் பிடித்து, நான்கு மாதம் டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் அடைத்துவைத்தார். மேலிடத்துச் சிபாரிசு கீழே செல்லாது என்பது அப்போதே இருந்திருக்கிறது.

அதற்கு முன்பே, 1707இல், மிஷனரிகள் தனியாக ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். தமிழிலும் போர்த்துகீசியத்திலும் பிரசங்கம். சபை வளர, அந்தச் சின்ன இடம் போதவில்லை. 1718 அக்டோபரில் பிரதிஷ்டையானதுதான் நீங்கள் பார்த்த ‘புதிய’ எருசலேம். அடுத்த முறை போனால் முகப்பை அண்ணாந்து பாருங்கள்: கிரீடம், அதோடு அரசரின் பெயரெழுத்துப் பின்னல். கம்பெனிக்காரர்கள் தினமும் நடக்கிற தெருவில் அரசர் முத்திரை! வெறும் அலங்காரத்துக்கு வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1845இல் ஊரையே ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். இன்று சீயோன் சி.எஸ்.ஐ. வசம், எருசலேம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை வசம். நிர்வாகம் இன்றும் இரண்டுதான்.

கேள்வி: சீகன்பால்கின் கல்லறை எங்கே இருக்கிறது? கடற்கரையில் உள்ள நினைவுச் சின்னமா?
– தஞ்சாவூர் மாணவர்

பதில்: இல்லை தம்பி, அது அவர் கரையிறங்கியதன் நினைவாக வைத்தது. கல்லறை புதிய எருசலேம் கோயிலுக்கு உள்ளேயே, பலிபீடத்துக்கு முன்னால். கோயில் பிரதிஷ்டையாகி நாலரை மாதத்தில், 1719 பிப்ரவரி 23 அன்று, தம் 36ஆம் வயதில் இறந்துபோனார். மறு வருஷமே இறந்த அவருடைய சகா குரூண்ட்லரையும் அதே கோயிலில்தான் அடக்கம் செய்தார்கள். அப்புறம் ஒன்று: ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நேரம். கேமராவைத் தூக்கிக்கொண்டு நடுவில் நுழையாதீர்கள்.