நிறை நிறமாலை பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் நான் சேர்த்த விதிகளைப் பிறர் ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

நிறை நிறமாலையை (மூலக்கூறுகளை அயனிகளாக்கி அவற்றின் நிறைவாரியாகப் பதியும் வரைபடத்தை) எவ்வாறு பொருள்கொள்வது என்பதை விளக்கும் ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரையில், பாடநூலில் உள்ளபடியே விதிகளைச் சேர்த்தும் மற்ற தொகுப்பாளர்கள் அவற்றை மாற்றுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய வேதியியல் கட்டுரைகளில் தொகுத்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே நடக்கும் சச்சரவுகளில் பெரும்பாலானவை சரிக்கும் தவறுக்கும் இடையே நடப்பவை அல்ல. ஒரு விதி எந்த அயனியாக்க முறைக்குப் பொருந்தும் என்பதை எழுதாமல் விட்டுவிடுவதால், வெவ்வேறு கருவிகளோடு பழகிய இருவர், தத்தம் அளவில் சரியாகவே இருந்துகொண்டு, ஒருவரையொருவர் திருத்துகிறார்கள்.

நைட்ரஜன் விதியையே எடுத்துக்கொள்வோம். கரிமச் சேர்மம் ஒன்றில் நைட்ரஜன் அணுக்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் அதன் முழு எண் நிறையும் ஒற்றைப்படையாக இருக்கும். நைட்ரஜன் இல்லாவிட்டாலோ, இரட்டைப்படையில் இருந்தாலோ நிறை இரட்டைப்படையாகும். ஒரு நைட்ரஜன் உள்ள அனிலினின் நிறை 93, நான்கு நைட்ரஜன் உள்ள காஃபீனின் நிறை 194. வழக்கமான 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எலக்ட்ரான் அயனியாக்கம் (எலக்ட்ரான்களை மோதவிட்டு அயனியாக்குவது) செய்தால், காஃபீனின் மூலக்கூறு அயனி, அதாவது உடையாமல் ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்த மூலக்கூறு, 194 இல் தெரியும், விதியும் பொருந்தும். அதே காஃபீனை மின்தெளிப்பு அயனியாக்கத்தில் (கரைசலை உயர் மின்னழுத்தத்தில் தெளித்து அயனியாக்குவதில்) செலுத்தினால் அது ஒரு புரோட்டானை ஏற்று 195 இல் முகடு (வரைபடத்தில் எழும் கோடு) தருகிறது. பாடநூல் விதியை மட்டும் மனத்தில் வைத்து அந்த 195 ஐப் பார்ப்பவர், சேர்மத்தில் ஒன்றோ மூன்றோ நைட்ரஜன் இருப்பதாக முடிவுகட்டிவிடுவார். ஆகவே மருந்துப் பகுப்பாய்வில் நாள்தோறும் மின்தெளிப்பைக் கையாளும் ஒருவர் நீங்கள் எழுதிய வரியை நீக்கினால், அவர் விதியை மறுக்கவில்லை. வரியில் விடுபட்ட நிபந்தனையைத்தான் மறுக்கிறார். விதியை முதலில் நடுநிலை மூலக்கூறின் நிறைக்கு எழுதி, பிறகு மூலக்கூறு அயனிக்கு அது அப்படியே பொருந்துவதையும், புரோட்டான் ஏற்ற அயனிக்குத் தலைகீழாவதையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் சொல்லிவிட்டால் இருவருக்கும் வேலை மிச்சம்.

வலக்கோடியில் இருக்கும் முகடே மூலக்கூறு அயனி என்ற வரிக்கும் இதே கதிதான். மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலின் நிறை 74. ஆனால் எலக்ட்ரான் அயனியாக்கத்தில் 74 இல் ஏறத்தாழ ஒன்றும் தெரியாது, மெத்தில் தொகுதி ஒன்றை இழந்த 59 தான் ஓங்கி நிற்கும். இதற்கு மாறாக, ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) பற்றிய பகுதியில் யாரும் அவ்வளவாகச் சண்டையிடுவதில்லை. குளோரினின் 35, 37 ஐசோடோப்புகள் ஏறத்தாழ 3:1 என்றும், புரோமினின் 79, 81 ஐசோடோப்புகள் ஏறத்தாழ 1:1 என்றும் அமைந்திருப்பது இயற்கையின் விகிதம். அயனியாக்கும் முறை எதுவானாலும் அது மாறாது. டைகுளோரோமீத்தேனுக்கு 84, 86, 88 ஆகிய இடங்களில் 9:6:1 என்ற விகிதம் வருவதை எவரும் கையால் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். இத்தகைய எளிய கணக்கை விக்கிப்பீடியாவின் விதிகள், அங்கே இடமில்லாத சொந்த ஆய்வாகக் கருதுவதில்லை.

என் பார்வையில் கட்டுரையை அதிகம் கெடுப்பவை, எண்ணுக்கு எதிரே துண்டு அயனியின் (மூலக்கூறு உடைந்து வரும் அயனியின்) பெயரை இட்டு நிரப்பும் நீண்ட அட்டவணைகள். 43 என்றால் அசிட்டைல் அயனி என்று ஒருவர் எழுதுவார், புரோப்பைல் அயனி என்று மற்றொருவர் மாற்றுவார். இரண்டுமே 43 தான், 43.018, 43.054 என்று அவற்றைப் பிரித்துக்காட்ட உயர் பிரிதிறன் கருவி வேண்டும். விக்கிப்பீடியா செய்முறைக் கையேடோ பாடநூலோ அன்று என்பது அதன் எழுதப்பட்ட கொள்கை. ஆகவே அட்டவணையை நீட்டுவதைவிட, ஓர் எண்ணுக்கு ஏன் பல விடைகள் இருக்கலாம் என்பதை ஒரு பத்தியில் விளக்குவதே அங்கே நிலைத்து நிற்கும். (அட்டவணையை நீக்கியதற்காக என்னோடு கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (தொகுப்பாளர்கள் விவாதிக்கும் பக்கத்தில்) மல்லுக்கு நின்றவர்கள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

உண்மையாகவே கருத்து வேறுபாடு உள்ள இடங்களும் இருக்கின்றன. 1959 இல் வேதியியலாளர் மெக்லாஃபர்ட்டி விளக்கிய மறுசீரமைப்பால் (ஒரு ஹைட்ரஜன் இடம்மாறி மூலக்கூறு உடைவதால்) 2-ஹெக்சனோன் 58 இல் ஒரு முகடு தருகிறது. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் காமா ஹைட்ரஜன் (கார்பனைல் தொகுதியிலிருந்து மூன்றாவது கார்பனில் உள்ள ஹைட்ரஜன்) இடம்பெயர்வதும் பிணைப்பு முறிவதும் ஒரே படியில் நடக்கின்றனவா, இரு படிகளிலா என்பதற்கு இரு விளக்கங்களும் எழுதப்பட்டுள்ளன. இங்கே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தொகுப்பாளரின் வேலை அன்று. மதிப்பாய்வு நூல்கள் எதற்கு எவ்வளவு இடம் தருகின்றனவோ அந்த அளவில் இரண்டையும் எழுத வேண்டும். கிடைமட்ட அச்சுக்கு 1991 இல் முன்மொழியப்பட்ட தாம்சன் என்ற அலகை எழுதலாமா என்ற வாதத்தையும் இதே வழியில் முடிக்கலாம்: வேதியியலின் பன்னாட்டு அமைப்பான ஐயூபேக்கின் 2013 ஆம் ஆண்டுப் பரிந்துரை, அந்த அச்சில் வரும் எம்/இசட் (அயனியின் நிறைக்கும் மின்னூட்ட எண்ணுக்கும் உள்ள விகிதம்) என்பதை அலகற்ற அளவாக வரையறுக்கிறது.

இனி நீங்கள் செய்யக்கூடியது: ஒரு தொகுப்பில் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள்; நூலின் பக்க எண்ணோடு சான்று தாருங்கள்; எந்த அயனியாக்க முறைக்கு எழுதுகிறீர்கள் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்திலேயே குறிப்பிடுங்கள். ஒருவர் நீக்கிவிட்டால் மறுபடி இடாமல் பேச்சுப் பக்கத்தில் காரணம் கேளுங்கள். 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் செய்த மாற்றங்களை மீளமைத்தால் (பழையபடி ஆக்கினால்), சரி யார் பக்கம் என்று பாராமல் தடை விழக்கூடும்.

உங்கள் ஆய்வகத்தில் எடுத்த நிறமாலையை, ஏற்கெனவே நூல்களில் வந்த விளக்கம் ஒன்றுக்குப் படமாகத் தரலாம். அதிலிருந்து நீங்களே வருவித்த புதிய சிதைவு வழியை அங்கே எழுத முடியாது. அமெரிக்க அரசின் அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டியின் இணையத் தளத்தின் நிறமாலைப் படங்களை அப்படியே எடுத்துப் பதிவேற்றவும் வேண்டாம். அவை காப்புரிமைக் குறிப்போடு வெளியிடப்படுபவை. இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதாலேயே அவை திறந்த உரிமத்தில் உள்ளவை ஆகிவிடா.