கணக்கில் வராத வேலை – கடிதமும் பதிலும்

வணக்கம்.

இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிறவியிலேயே பார்வை குறைவு. எழுத்தைப் பெரிதாக்கியோ, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை வைத்தோதான் படிப்பேன். ஆறு மாதமாக மாலையில் நான்கு மணி நேரம் வேலைக்குப் போகிறேன். வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத வேண்டும். இந்தப் பருவத்தில் இரண்டு தாள்களில் தேறவில்லை. வீட்டில் வேலையை விடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை, என் சம்பளம் என்று கைக்கு வருவது இதுதான் முதல் தடவை. கூடப் படிப்பவர்கள் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்குத்தான் நேரத்தைச் சமாளிக்கத் தெரியவில்லையோ?

க.

அன்புள்ள க.,

அப்படித் தோன்றவில்லை. உங்கள் கணக்கில் ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. படிப்பு ஒன்று, சம்பள வேலை ஒன்று, ஊனத்தோடு ஒவ்வொரு நாளையும் ஓட்டுவது மூன்றாவது. (மாற்றுத்திறன் என்று எழுதியிருக்கலாம். என் காலைப் பற்றி நானே பேசும்போது அந்தச் சொல் வாயில் வருவதில்லை.)

நான் ஊன்றுகோலில் நடப்பவன். கல்லூரி நாட்களில் ஒரு அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தேன், உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று. அச்சகம் இரண்டாவது மாடியில். ஏறிப் போய் உட்கார்ந்தால் உள்ளங்கையில் காய்த்த இடம் எரியும், பேனா பிடிக்க விரல் மடங்கவே பத்து நிமிடம் ஆகும். அதைத் தாமதம் என்று சொல்லிப் பிடித்தம் செய்தார்கள். தாள்களைக் கீழே கொடுத்தனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இரண்டு மாதம் ஆயிற்று. கேட்டேன், மறுத்தார்கள், விட்டுவிட்டேன்.

உங்கள் மாடிப்படி எது என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆசிரியர் புத்தகத்தைப் படம்பிடித்து பிடிஎஃப் ஆக அனுப்புவார். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம், வாயே திறக்காது. படத்தில் இருப்பதை எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் (ஓசிஆர்) போட்டு எடுத்தால் அட்டவணை கலைந்திருக்கும், 'ர' எல்லாம் துணைக்காலாகியிருக்கும். நீங்கள் அதைத் திருத்தி முடிப்பதற்குள் தோழி பாடத்தைப் படித்துவிட்டுத் தூங்கியிருப்பாள். உங்கள் மாலை அங்கேதான் போகிறது. வீட்டாருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. விடச் சொல்வதற்குக் கண்ணில் படுவது சம்பள வேலை ஒன்றுதான்.

ஒரு வாரம் மட்டும், இப்படித் திருத்துவதில் போகும் நேரத்தைக் குறித்து வையுங்கள். கல்லூரியில் பேசும்போது அது கையில் இருக்க வேண்டும். 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, உயர்கல்வியிலும் (பிரிவு 24) வேலையிலும் (பிரிவு 27) தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்து தரச் சொல்கிறது. மறுத்தால் அது பாகுபாடு. ஆனால் நிறுவனத்துக்கு அளவு மீறிய சுமையாக இருக்கக் கூடாது என்ற வரம்பும் அதிலேயே உண்டு. அதனால் பொதுவாக உதவி கேட்காமல், குறிப்பாகக் கேளுங்கள்: பாடக் குறிப்பு எழுத்துக் கோப்பாக வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும், அடுத்த பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்து எடுக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டது அடுத்த வாரமே மறந்துபோகும். உதவித்தொகை ஏதாவது வாங்கினால், பாடத்தைக் குறைப்பதற்கு முன் அதன் விதியைப் பார்த்துவிடுங்கள். சிலவற்றுக்கு முழுநேரப் படிப்பு நிபந்தனை, சிலவற்றுக்கு வருமான வரம்பு.

அப்புறம் வேலை. அதை விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பகல் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு மாலையிலும் திரை என்றால், இரண்டு வேலையும் ஒரே கண்ணைத்தான் தின்கின்றன. அதே இடத்தில் தொலைபேசிப் பிரிவுக்கு மாற முடியுமா? அதுவும் சுலபமில்லை. ஒரு காதில் வாடிக்கையாளர், மறு காதில் ஸ்கிரீன் ரீடர், பழகச் சில வாரங்கள் பிடிக்கும். அது சரிவரவில்லை என்றால் தினம் நான்கு மணி நேரத்தை வாரத்தில் மூன்று நாளாக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். சம்பளம் குறையும், ஆனால் வேலை கையில் இருக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த பருவப் புத்தகப் பட்டியலைக் கேட்டுத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வகுப்பு தொடங்கிய பிறகு கேட்டால் படம்பிடித்த பக்கங்கள்தான் வரும்.