பழைய இரும்பில் மயில் செய்யச் சேமலாப நிதியில் எவ்வளவு எடுக்கலாம்?

கேள்வி: எனக்கு 61 வயது. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றேன். ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் சேர்ந்து 34 இலட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை; ஓய்வூதியம் 48,000. வீட்டுச் செலவு 55,000. சொந்த வீடு, கடன் இல்லை. பழைய இரும்பில் சிற்பம் செய்யத் தொடங்கியிருக்கிறேன். சைக்கிள் செயினில் செய்த மயிலின் படத்தை இணைத்துள்ளேன். வளவுக்குள் 9 இலட்சத்தில் பட்டறை போட ஆசை. மகன், காசைக் கரியாக்க வேண்டாம் என்கிறான். (கொக்குவில் வாசகர்)

பதில்: ஐயா, அந்த மயிலின் கழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செயின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி ஒட்டியிருக்கிறீர்கள். கழுத்து உயிரோடு வளைந்து நிற்கிறது. இந்த வேலையை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 9 இலட்சம் வேண்டாம்.

ஸ்பானிய சிற்பி ஜூலியோ கொன்சாலஸ் 1918இல் பிரான்சில் ரெனோ தொழிற்சாலையில் வெல்டிங் பழகியவர். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இரும்புச் சிற்பங்கள் பெரும்பாலும் 50 வயதுக்குப் பிறகு செய்தவை. அவரிடம் வெல்டிங் உதவி பெற்ற பிக்காசோ 1942இல் ஒரு மாட்டுத் தலை செய்தார். அதற்குத் தேவைப்பட்டது ஒரு சைக்கிள் சீற்றும் ஹாண்டிலும்தான். உங்களுக்கும் இப்போது தேவை கருவிகள்தான், கட்டடம் அல்ல.

சரி, கணக்குக்கு வருவோம். 4 இலட்சத்தை மருத்துவம் போன்ற அவசரத்துக்குச் சேமிப்புக் கணக்கில் விடுங்கள். 28 இலட்சத்தை மூன்று வங்கிகளில் பிரித்து நிலையான வைப்பில் போடுங்கள். ஒரு வங்கி விழுந்தால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் தரும். அதனால்தான் மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறேன். வட்டி 8 வீதம் என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 18,600 வரும். மனைவியின் ஓய்வூதியத்தோடு சேர்த்து வீட்டுச் செலவைக் கழித்தால் 11,600 மிஞ்சும். அதில் 5,000 உங்கள் இரும்புக்கும் வெல்டிங் கூருக்கும் கூடுகிற மின்கட்டணத்துக்கும். மீதியைத் தொடவே வேண்டாம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது உங்களுக்கு மறந்திருக்காது. அப்படி விலை ஏறினால் இந்த மீதிதான் தாங்கும்.

இன்னொன்று. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீத வரியை வங்கியே பிடித்துக்கொள்கிறது. உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்பதால் சுயபிரகடனப் படிவம் கொடுங்கள், பிடிக்க மாட்டார்கள். தெரியாமல் இந்தக் காசை விட்டுவிடுகிற முதியவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மிச்சம் 2 இலட்சம் முழுக்க உங்களுக்கு. வெல்டிங் பிளான்ற், கிரைண்டர், தோல் கையுறை, கனமான மேசை. முகமூடியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 61 வயதுக் கண்ணுக்கு நல்லதாக வாங்குங்கள். மகனிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவருடைய பயம் நியாயமானது. வைப்பில் போட்ட முதலில் நீங்கள் கைவைக்காமல் இருப்பதைக் கண்டால் அவரே இரும்புக் கடைக்குக் கூட வருவார்.

விற்பனை வருமானத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் வாங்கக்கூடும். ஆனால் பெட்டியில் கொண்டுபோக இரும்பு பாரம், ஆகவே கையடக்கமாகச் செய்து பாருங்கள். வந்தால் அதைக் கொண்டு அடுத்த கருவி வாங்கலாம். இதற்காக நகையை மட்டும் அடகு வைக்க வேண்டாம்.

இரும்பு வாங்கும்போது ஒரு கவனம். எங்கள் மண்ணில் கிடைக்கிற பழைய இரும்புக்குள் யுத்தகாலப் பொருட்களும் வரும். ஷெல் கோது போல எது தெரிந்தாலும் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள். பெற்றோல் தாங்கியில் வெல்டிங் நெருப்பு வைக்கவே கூடாது. துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், அதைத் தவிருங்கள்.

படத்தில் மயிலுக்குப் பின்னால் தெரிகிற கொட்டில் கிடுகால் வேய்ந்தது. அந்த 2 இலட்சத்தில் முதல் செலவு தகரக் கூரையாக இருக்கட்டும். அது மாறும்வரை வெட்டவெளியில், வேலியில் இருந்து தள்ளி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.