பழைய ஃபியட் வாங்கும் ஆசை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

1978 பிரீமியர் பத்மினி (இந்தியாவில் தயாரான ஃபியட் 1100) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் சத்தமில்லாமல் ஓடுகிறது, பெயின்டும் பளபளக்கிறது. வாங்கலாமா? (மதுரை)

இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். அது 1089 சிசி, 68 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). இத்தாலியில் 1937-லேயே பிறந்த குடும்பம். சிலிண்டரைக் குடைந்து போர் அடிப்பது, கிராங்க் ஷாஃப்டைத் தேய்த்துச் சீராக்கும் கிரைண்டிங் எல்லாம் நம்மூர் லேத் பட்டறைகளுக்கு அத்துப்படி. எவ்வளவு கெட்டுப்போனாலும் அதை மீட்டுவிடலாம்.

பாடி அப்படியல்ல. ஃபியட் பொறியாளர் தாந்தே ஜியாகோசா தலைமையில் உருவாகி 1953-ல் வெளிவந்த ஃபியட் 1100/103-தான் பத்மினியின் மூதாதை; அதற்குத் தனிச் சேஸ் (பாரம் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. பாரம் முழுவதையும் தாங்குவது தகடுதான். அது துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போனது போல. அதனால் மிதியடி விரிப்பைத் தூக்கிவிட்டுத் தரைத்தகட்டைப் பாருங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டையும், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் பாடியோடு சேரும் இடத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது துருவை மறைக்கப் பூசிய பட்டி. ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் சரியாக மூடிய கதவு இப்போது இடித்தால் விலை பேசவே வேண்டாம், வந்துவிடுங்கள். புதுப் பெயின்ட் அடித்து விற்பனைக்கு வரும் வண்டியைவிட, வெளுத்துப்போன பழைய பெயின்டோடு நிற்கும் வண்டியைத்தான் நான் நம்புவேன். அதில் ஒளித்துவைக்க இடமில்லை.

ஆர்சியில் என்ன கவனிக்க வேண்டும்? வின்டேஜ் பதிவு நல்லதா? (திருச்சி)

சேஸ் நம்பரையும் (பாடியில் பொறித்த எண்) இன்ஜின் நம்பரையும் வண்டியிலேயே படித்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் ஒரு காலத்தில் டீசல் இன்ஜின் ஏற்றினார்கள், கேஸ் கிட் மாட்டினார்கள். அதெல்லாம் ஆர்சி புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவைப் புதுப்பிக்காமல் வருடக்கணக்கில் நிற்கும் வண்டியானால், விற்பவரே புதுப்பித்துத் தரட்டும்.

2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு வின்டேஜ் பதிவு கிடைக்கும். புதிதாகப் பதிந்தால் எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும்; ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போக ஆசைப்படுபவர் சாதாரணப் பதிவையே 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது நல்லது.

வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் வண்டி அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது. (வேலூர்)

இரண்டு காரணம் இருக்கலாம். பெட்ரோலை இழுக்கும் ஏசி பம்ப் (குளிரூட்டும் ஏசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) இன்ஜினிலேயே உட்கார்ந்திருக்கிறது. அது சூடானால் உள்ளே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். அந்தக் காலத்து டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான். அடுத்த முறை நின்றால் நீங்களும் போட்டுப் பாருங்கள். உடனே கிளம்பினால் பெட்ரோல் பக்கம்தான் குறை. கிளம்பாவிட்டால் ஸ்பார்க் தரும் காயிலையும் கன்டென்சரையும் மாற்றிப் பாருங்கள். சூட்டில் இவை செத்து, ஆறியதும் உயிர் பெறும்.

வண்டி உண்மையிலேயே கொதிக்கிறது என்றால் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். நம் ஊர் போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குழாய்கள் அடைத்திருக்கும். இந்த இன்ஜினின் ஹெட் (மேல்பகுதி) அலுமினியம், பிளாக் (அடிப்பகுதி) வார்ப்பிரும்பு. இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் கிடந்தால் அலுமினியத்தை அரிக்கும். வடித்த நீரில் கூலன்ட் கலந்து மட்டுமே ஊற்றுங்கள். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஓட்டாதீர்கள். ஹெட் வளைந்துவிடும், அதற்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள காஸ்கெட் போகும்.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் போடலாமா? (கோவை)

இப்போது பெட்ரோல் பங்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்ததுதான். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். பெட்ரோல் ஹோஸ், ஏசி பம்ப் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) இரண்டையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர் போடுங்கள். ஹோஸ் கசிந்து சூடான இன்ஜினில் சொட்டினால் வண்டியே எரிந்துவிடும். இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிரேக்கில் கவனிக்க என்ன இருக்கிறது? நான்கும் டிரம்தானே? (திண்டுக்கல்)

டிரம்தான், நன்றாகவே பிடிக்கும். ஆனால் பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஓடுவது ஒரே சர்க்யூட்டில். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கிலும் பிரேக் இல்லை. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது என் பெடல் ஒருமுறை தரையைத் தொட்டது. இரண்டாம் கியரும் ஹேண்ட் பிரேக்கும் காப்பாற்றின. அன்றிலிருந்து 2 வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுக்க மாற்றுகிறேன், மழைக்காலம் முடிந்ததும் நான்கு டிரம்மையும் திறந்து பார்க்கிறேன். கையோடு முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்கும் கிரீஸ் அடியுங்கள். 1,000 கி.மீ.க்கு ஒருமுறை அடித்தால் ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி சுற்றும்.

இத்தாலியிலிருந்து பாகங்கள் தருவிக்கலாமா? (சென்னை)

நம் டிலைட் (பத்மினிக்கு முந்தைய ஃபியட் மாடல்), பத்மினி இரண்டுக்கும் மூலம் இத்தாலியின் 1100டி என்பதால் பல பாகங்கள் பொருந்தும். கண்ணாடி ரப்பர், கதவு ரப்பருக்கு அது நல்ல வழி. கிரில் போன்ற வெளி அலங்காரங்களை இங்கே மாற்றிக்கொண்டே இருந்தார்கள், அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். இன்ஜின் சாமான்களுக்கு முதலில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றுங்கள். பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஃபியட் பாலியோ 1.6 மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் இத்தாலிதானே? (ஈரோடு)

ஆமாம், ஓட்ட அருமையான வண்டி. வாங்கிய அன்றே டைமிங் பெல்ட்டை (வால்வுகளை இயக்கும் பட்டை) மாற்றுங்கள், 'மாற்றியாச்சு' என்ற வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து, வண்டி விலைக்கு நிகரான செலவு வரும்.

வேலைக்காக 6 மாதம் வெளிநாடு போகிறேன். வண்டியை எப்படி விட்டுச் செல்வது? (நாகர்கோவில்)

ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், இல்லாவிட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கடலுக்குப் பக்கத்து ஊர் என்பதால் பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணியால் மூடுங்கள். நம்பிக்கையானவர் இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நின்ற இடத்தில் 5 நிமிடம் ஓடவிட்டு அணைப்பது கெடுதல், சைலன்சருக்குள் தண்ணீர்தான் தேங்கும். 2 வாரத்துக்கு ஒருமுறை 20 கி.மீ. ஓட்டிவரச் சொல்லுங்கள்.