கைக்காசுக்குப் போகலாமா, செக்ரோலிலேயே இருக்கலாமா?

உங்கள் அம்மாவுக்கு 44 வயது, தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பதிவேட்டில், பேர் போட்டு வேலை செய்கிறார், அதை விட்டுவிட்டுக் கைக்காசுக்கு, அதாவது பேர் பதியாமல் அன்றன்றைக்குக் கூலி வாங்கும் வேலைக்கு, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தியானால் கையில் காசு விழும். அதை நான் குறை சொல்ல மாட்டேன், கடைக்காரர் சம்பள நாள் வரைக்கும் பொறுக்க மாட்டாரே.

எங்கள் அம்மாவும் அந்த வயதில் தோட்டத்திலிருந்து நின்று, நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கம் லீக்ஸ் தோட்டத்துக்குப் போனவர்தான். ஆறு வருடம். அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு இன்றைக்கு ஒரே சாட்சி, குதிங்காலில் மண்வெட்டி பட்ட தழும்பு. முதலாளி மருந்துக்கு 2000 ரூபா கொடுத்தார். மூன்று வாரக் கூலி போனது போனதுதான்.

2024 இல் நாட்சம்பளம் 1350 ஆனதே, அதை வைத்துக் கணக்குப் பாருங்கள். ஒரு நாள் பேருக்குத் தோட்டம் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 சதவீதம் கட்ட வேண்டும். அதுவே 202 ரூபா 50 சதம். அம்மாவிடம் பிடிக்கிற 8 சதவீதமும் அவர் கணக்குக்குத்தான் போகிறது. அப்புறம் வேலையை விட்டு நிற்கும்போது தருகிற சேவைக்காலப் பணம்: ஐந்து வருடம் முடிந்திருந்தால், வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 20 வருடமென்றால் 378,000 ரூபா.

கைக்காசு ஆளுக்குச் சேமலாபம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி தற்காலிக ஆளுக்கும், கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் கட்டத்தான் வேண்டும். ஆனால் பேரே எழுதாத இடத்தில் எதைக் காட்டிக் கேட்பது?

பேர் எழுதிய இடத்திலும் வில்லங்கம் உண்டு. 50 வயதில் எங்கள் அம்மா பழைய தோட்டத்துச் சேமலாபத்தை எடுக்கப் போனால், செக்ரோலில் லெச்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கி, தொழில் அலுவலகத்துக்கு நாலு தடவை பஸ் ஏறினோம். ஓர் எழுத்துக்கு!

என்னைக் கேட்டால், சேமலாபம் எடுக்கிற 50 வயது வரைக்கும் உங்கள் அம்மா பேரை விட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையில் கைக்காசுக்குப் போகட்டும். இல்லை, நிற்பதுதான் முடிவென்றால், சம்பளத் துண்டு ஒன்றையும் அடுப்பில் போட விடாதீர்கள். எங்கள் வீட்டில் பாதி அப்படித்தான் போனது. சேமலாப அங்கத்துவ இலக்கத்தை வேறாக எழுதி வையுங்கள். செக்ரோலில் அம்மாவின் பேர் எப்படி இருக்கிறது என்று இந்தக் கிழமையே போய்ப் பாருங்கள்.