என் வீட்டில் மட்டும் அவளுக்கு வலிப்பதில்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 44. மதுரை செல்லூரில் வீட்டு வாசலிலேயே சாயங்கால இட்லிக் கடை போட்டிருக்கிறேன். பிரச்சினை எனக்கில்லை, என் தங்கைக்கு. அவளை சோழவந்தானில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்காரர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகிறார். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

ஆறு மாதமாக இந்தப் பிள்ளைக்கு வகுறு வலி. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சுருண்டு படுப்பாள், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருப்பாள். ரத்தம், யூரின், மோஷன் எல்லாம் டெஸ்ட் எடுத்தாயிற்று. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. ஸ்கேனும் எடுத்தாயிற்று. குடல் பக்கம் சின்னச் சின்ன நெறிக்கட்டி இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு தங்கை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டர் "இது நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கும்மா, ஒண்ணுமில்லை" என்றார். இதோடு மூன்று டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கேட்டால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? இவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுகிறாள்.

ஸ்கேனுக்கு 1200 ரூபாய் நான்தான் கொடுத்தேன். சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. தொக்கம் எடுக்கக் கூட்டிப் போனது நான், பாண்டி கோவிலில் கயிறு கட்டிக் கூட்டி வந்தது நான். ஓம வாட்டர் பாட்டில் பாட்டிலாக வாங்கிக் கொடுத்தேன். கஞ்சி வைத்துத் தூக்குவாளியில் பஸ் ஏறிக் கொண்டு போனால், "இதெல்லாம் அவ குடிக்க மாட்டாக்கா" என்று மூடி வைக்கிறாள். இப்போது போன் செய்தாலும் எடுப்பதில்லை. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் செல்லில் என்னென்னவோ நோயைப் பற்றிப் படிக்கிறாள் என்று அவள் வீட்டுக்காரர் சொல்லி வருத்தப்படுகிறார். தைக்க வாங்கிய துணிகள் அப்படியே கிடக்கின்றன.

எங்கள் அம்மா வயிற்றில் கட்டி வந்து இறந்தார்கள். முற்றிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். அப்போது தங்கைக்குப் பத்து வயது. தலை பின்னிவிட்டது முதல் கல்யாணம் வரைக்கும் அவளுக்கு எல்லாம் நான்தான். அப்படிப்பட்டவள் இன்றைக்கு எதைச் சொன்னாலும் "உனக்குப் புரியாதுக்கா" என்கிறாள். ஸ்கேன் காசு கொடுக்கிற வரைக்கும் புரிந்தது, இப்போது புரியாதா?

எனக்கென்னவோ செல்லம்தான் காரணம் என்று தோன்றுகிறது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கோடை லீவில் பிள்ளை என் வீட்டில் பத்து நாள் இருந்தாள். முதல் நாளே உட்கார வைத்து, "பெரியம்மாகிட்ட உண்மையச் சொல்லு, நெசமாவே வலிக்குதா, நடிக்கிறியா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் ஒரு நாள் கூட வலி என்று சொல்லவில்லை. (ஒரே ஒரு நாள் கொல்லைக் கதவுக்குப் பின்னால் குத்தவைத்து, பாவாடை நுனியை வாயில் கடித்துக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்த்ததும் கொலுசு தேடுறேன் என்றாள். கொலுசு இரண்டு காலிலும் இருந்தது. மற்றபடி நன்றாகத்தான் இருந்தாள்.) "பாத்தியா, என் வீட்டுல வலிக்கவே இல்ல, எல்லாம் வளர்ப்புலதான் இருக்கு" என்று தங்கையிடம் சொன்னேன். அன்றைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனவள்தான், அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

திரும்பவும் சொல்கிறேன், 1200 ரூபாய்க்காக எழுதவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பதைத் தங்கைக்கு எப்படிப் புரிய வைப்பது? ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்குக் கடை லீவு. நேரில் போய்ப் பேசட்டுமா?

பெயர் வெளியிட வேண்டாம்,
செல்லூர், மதுரை.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஸ்கேன் காசு மூன்று இடத்தில் வருகிறது. தங்கை போனை எடுக்காதது இரண்டு இடத்தில். கொலுசு ஒரே இடத்தில்தான், அதுவும் அடைப்புக்குறிக்குள். வருகிற கடிதங்களில் அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிள்ளை நடிக்கிறாள் என்று சந்தேகப்பட்டீர்கள். சரிதான், நடித்திருக்கிறாள். வலியே இல்லாதது போல, பத்து நாளும் உங்கள் முன்னால். சத்தம் வெளியே வராமலிருக்கப் பாவாடையைக் கடித்துக்கொண்டவள், உங்கள் தலையைக் கண்டதும் ஒரு காரணத்தையும் சொன்னாள். காலில் கொலுசு இருப்பதைப் பார்த்தீர்கள். பார்த்தது மனதில் உறுத்தியதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இதைத் தங்கையிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொன்னால் "என் வீட்டுல வலிக்கவே இல்ல" என்ற வார்த்தை நிற்காது. அதை வைத்துத்தான் அவள் வளர்ப்புக்குத் தீர்ப்பு சொன்னீர்கள். தூக்குவாளியோடு பஸ் ஏறின அக்காவுக்கு நான் இப்படி எழுதுவது கசக்கும். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் தங்கை பக்கம்.

அந்த 'ஒண்ணுமில்லை'யைக் கொஞ்சம் பார்ப்போம். ஸ்கேனில் குடல்வால் வீக்கம், கல், கட்டி எதுவும் தெரியவில்லை என்பதற்கு டாக்டர் வைத்திருக்கும் சுருக்கம் அது. நெறிக்கட்டி பற்றி அவர் சொன்னதும் சரிதான், நல்ல ஆரோக்கியமாக இருக்கிற பிள்ளைகளின் ஸ்கேனிலும் அது தெரியும். ஆனால் 'வலி இல்லை' என்று அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது ஒன்று, வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேறொன்று.

பிரிட்டனில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் 1000 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து 1958-இல் எழுதினார். ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படித் திரும்பத் திரும்ப வரும் வயிற்று வலி இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு உடலில் நோய் என்று எதுவும் கிடைக்கவில்லை. இன்றைக்கு மருத்துவர்கள் இதைக் குடலும் மூளையும் பேசிக்கொள்வதில் வருகிற கோளாறு என்கிறார்கள். கோயில் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்களே, அந்தக் குழாய் நம் ஜன்னலைப் பார்த்து இருந்தால் எப்படி இருக்கும்? பாடுகிறவர் சாதாரணமாகத்தான் பாடுகிறார், நமக்குக் காது கிழிகிறது. குடல் எல்லோருக்கும் போலத்தான் அசைகிறது, இந்தப் பிள்ளைகளின் நரம்புகள் அதைப் பெரிதாக்கிக் கொடுக்கின்றன. ஸ்கேனில் குடல் தெரியும், சத்தம் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து அவள் பாண்டி ஆடியதும் பொய்க்குச் சாட்சி ஆகாது. இந்த வலி வரும், போகும்.

இப்போது கொலுசுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதில் மருத்துவமும் இருக்கிறது. வலி எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று பிள்ளை சொல்வதை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, விடாத காய்ச்சல், தொப்புளை விட்டு விலகி வலது பக்கம் அடியில் நிற்கும் வலி, இதில் எது வந்தாலும் 'ஒண்ணுமில்லை' என்று முன்பு சொன்னது செல்லாது, உடனே மறுபடி காட்ட வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து நாளெல்லாம் அடக்கி, மலம் இறுகி வலி வரும் பிள்ளைகளும் ஏராளம். இதையெல்லாம் பிள்ளைதான் வாய் திறந்து சொல்ல வேண்டும். வலியை மறைக்கப் பழகியவள் எதைச் சொல்வாள்? பள்ளியில் யாராவது அவளை மிரட்டினாலோ, தொடக்கூடாத விதத்தில் தொட்டாலோ, வகுறு வலியையே நம்பாத பெரியம்மாவிடம் அதைச் சொல்வாளா?

அப்படியானால் தங்கை செய்வது எல்லாம் சரியா என்று கேட்பீர்கள். இல்லை. "இப்ப வலிக்குதா, இப்ப எப்படி இருக்கு" என்று அவள் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று ஊகிக்கிறேன். பயந்த அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான். 2006-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வயிறு முட்டத் தண்ணீர் குடித்த பிள்ளைகளிடம் பெற்றோர் வலியைப் பற்றியே பேசியபோது முறையீடு ஏறக்குறைய இரட்டிப்பானது. பேச்சை வேறு பக்கம் திருப்பியபோது பாதியானது. இதில் வேடிக்கை என்னவென்றால், பேச்சை மாற்றினால் பிள்ளைக்குக் கெடுதல் என்று அம்மாக்கள் நினைத்தார்கள். வலியுள்ள பிள்ளைகளோ அதுதான் நன்றாக இருந்தது என்றார்கள். உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. வெந்துவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கொப்பரை மூடியைத் திறந்தால் இட்லி என்ன ஆகும்?

ஆனால் நம்பிவிட்டுப் பேச்சை மாற்றுவதும் நம்பாமல் வாயை அடைப்பதும் பிள்ளைக்கு ஒன்றாகப் படாது. "வலிக்குதா? சரி, வெந்நீர்ப் பை வச்சுக்கோ, கொஞ்ச நேரம் கழிச்சு இந்தப் பூவைக் கட்டித் தா" என்பது முதல் வகை. வலியோடும் பள்ளிக்கு அனுப்பலாம், அனுப்பத்தான் வேண்டும். நடுவில் வலித்தால் யாரிடம் சொல்வது என்பதை டீச்சரோடு பேசி வைத்துவிட்டு அனுப்ப வேண்டும்.

அப்புறம், உங்கள் அம்மா. ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். முற்றிய பிறகுதான் தெரியும் என்றால், அதுவரை அவர்கள் வலியை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தங்கைக்கு அப்போது பத்து வயது, இப்போது அவள் மகளுக்கும் ஏறக்குறைய அதே வயது. வயிற்றில் வலி, ஆனால் ஒன்றுமில்லை. இதை உங்கள் தங்கையால் எப்படி நிம்மதியாகக் கேட்க முடியும்? ஆஸ்பத்திரி வாசலில் அவள் எதற்காக அழுதாள் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும், நீங்களும் அதே வீட்டில்தான் இருந்தீர்கள். அம்மா போனபோது உங்களுக்குத் தலை பின்னிவிட யாரும் இல்லை என்பதும் இந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போங்கள். புரிய வைக்கப் போகாதீர்கள். முதலில் கொலுசு விஷயத்தைத் தங்கையிடம் சொல்லுங்கள், நடந்தது நடந்தபடி, "நான்தான் அப்படிக் கேட்டுட்டேன்" என்பதையும் சேர்த்து. கோபப்படுவாள், படட்டும். வாய்க்கு வாய் பதில் சொல்லாமல் இருங்கள், காசைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். தேங்கிக் கிடக்கிற ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்துக் கொடுத்தாலே அவளுக்குப் பெரிய உதவி. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது கூடப் போய், அவளைப் பேசவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

பிள்ளையிடம் தனியாக ஒரு நிமிஷம் போதும். "அன்னைக்கு நீ கொலுசு தேடலைன்னு பெரியம்மாவுக்குத் தெரியும். உம்மேல தப்பில்ல, நான் கேட்டதுதான் தப்பு. இனிமே வலிச்சா எங்கிட்டயும் சொல்லு." அவள் ஒன்றும் பேசாமல் நின்றால் அதற்கு மேல் துருவ வேண்டாம், பாண்டிக்குக் கட்டம் போடச் சொல்லி நீங்களும் கூட ஆடுங்கள்.